அம்மாவின் கொத்து

14-6-1964, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கூரைத் தகரத்தில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர், தோல் மண்டி நாற்றம் வழக்கத்தைவிடத் தூக்கலாக. என் மனைவி செல்லத்தாய் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சமையல். ஏழாம் மாதம், எந்த வாடையும் அவளுக்கு ஆகவில்லை.

வாங்க வேண்டியது: ஒழுக்குக்குத் தார், மண்ணெண்ணெய், அப்பாவுக்குச் சுருட்டு, இசக்கிக்கு ரிப்பன். ரிப்பன் நைலானில்தான் வேண்டுமாம். பதினெட்டு வயதாகிறது, ரிப்பனுக்கு அழுகிறாள் என் தங்கை.

மத்தியானம் மார்த்தா அம்மாவோடு 38, 39, 40-ஆம் வீடுகள். இனி இந்த நோட்டில் அவர் வெறும் மா. முழுப்பெயர் எழுதிக் கை வலிக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்தவர், மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டு மாடியில் அறை எடுத்திருக்கிறார். படிப்பின் பெயர் மானிடவியல். பிழைக்க வந்த இடத்தில் மனிதர்கள் ஊர் வழக்கங்களில் எதை விட்டார்கள், எதை வைத்திருக்கிறார்கள், அதற்கு எங்கள் தாராவிச் சந்தில் வீட்டுக்கு ஓர் அட்டை. நான் மொழிபெயர்ப்பாளன். மண்டியில் தோல் கட்டுகளுக்கு இங்கிலீஷில் முகவரி எழுதும் குமாஸ்தா என்பதால் கிடைத்த மரியாதை. ஹாம்பர்க், லிவர்பூல் என்று தினம் எழுதுகிறேன். எந்தத் திசையில் இருக்கின்றன என்று கேட்டால் முழிப்பேன்.

40-ஆம் வீட்டுக்காரி: "நைலான் சேலை கட்டுனா தொவைக்கச் சொகம், சட்டுன்னு காயும். இதைக்கூடவா அமெரிக்காவுல போயி எழுதப் போறாவ?"

மா. அதையும் எழுதிக்கொண்டார்.

16-6, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. தார் வாங்கவில்லை.

கொத்து விஷயத்தை மா. மூன்றாம் தடவையாக விளக்கச் சொன்னார். சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன், அடுத்த தடவை வாசித்துக் காட்டிவிடலாம்.

— எங்கள் ஆட்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொத்து. மிளகு, வெற்றிலை, சீரகம், கமுகு, இப்படி.
— பிள்ளைக்கு அம்மாவின் கொத்து. அப்பா கொத்து பிள்ளைக்கு வராது.
— ஒரே கொத்துக்காரர்கள் அண்ணன் தங்கை. முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். கட்டக் கூடாது.

மா.-வுக்கு ஒரு சந்தேகம். அம்மா கொத்து என்கிறாய், அட்டையில் பாதிப் பேர் அப்பா கொத்தை அல்லவா சொல்லியிருக்கிறார்கள்? நான் சொன்னேன்: ரேஷன் கார்டில் அப்பா பேர் கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் அப்பா பேர். மில்லில் வேலைக்குப் போனால் ஃபாரத்தில் அப்பா பேர். என்ன கேட்டாலும் அப்பா வழியைச் சொல்லிச் சொல்லி பம்பாயில் எல்லாருக்கும் வாய் அப்படிப் பழகிவிட்டது.

மா. உள்ளங்கையால் மேஜையைத் தட்டினார். இதுதான், இதைத்தான் தேடி வந்தேன் என்றார். ஆப்பிரிக்காவில் சுரங்க வேலைக்குப் போன ஜனங்களிடமும் இப்படித்தானாம். கம்பெனி எங்கே போனாலும் அதே ஃபாரத்தைக் கொண்டுபோகிறது, கொஞ்ச நாளில் ஜனங்களின் உறவுமுறை அந்த ஃபாரத்துக்குத் தக்கபடி ஆகிவிடுகிறது என்றார். எனக்கு ஒரே பெருமை. பரீட்சையில் சரியாகப் பதில் சொன்ன மாதிரி.

அப்புறம் பெட்டியிலிருந்து 41-ஆம் அட்டையை எடுத்தார். எங்கள் வீட்டு அட்டை. "உன் கொத்து வெற்றிலை என்று எழுதியிருக்கிறாய். அது உன் அப்பாவின் கொத்து. அம்மாவின் கொத்து என்ன? இடம் காலியாக இருக்கிறதே?"

பார்த்தேன். ஆமாம், காலி. ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்கிறவன், என் வீட்டு அட்டையில் நானும் அதே தப்பு. இசக்கியைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். எனக்கு அப்போது ஏழு வயது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

17-6, புதன்

அப்பாவிடம் கேட்டேன். சுருட்டுப் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, அம்மைக்கு என்ன கொத்து?"

"அதெல்லாம் பொம்பளைய பார்த்துக்கிடுவாவ. மிளகோ சீரகமோ, என்னமோ ஒரு பலசரக்குச் சாமான். இப்ப எதுக்குல அது?"

"என் கல்யாணத்துல கேட்டாவல்லா, என்ன சொன்னிய?"

"வெத்திலைன்னேன். என் கொத்து அதான? பதினாலு வயசுல இங்க வந்தவன்கிட்ட வந்து கேக்கான் பாரு கேள்வி."

அம்மாவின் ஊர் வேறு தாலுகா. அந்த ஊர்க்காரர் ஒருவரும் எங்கள் சந்தில் இல்லை. கல்யாணத்தன்று அப்பாவைத் திருத்த ஆளில்லை.

செல்லத்தாய் சீரகம். அது நிச்சயம். அவள் அம்மா கல்யாணப் பேச்சின் முதல் நாளே சொன்னாள்.

அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னார். சீரகம் என்று வந்தது தற்செயல். அவ்வளவுதான், வேறு ஒன்றுமில்லை. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ரசத்தில் சீரகம் மிதந்தது.

19-6, வெள்ளி

மண்டியில் லிவர்பூல் கட்டுக்கு ஹாம்பர்க் என்று எழுதிவிட்டேன். மேஸ்திரி கத்தினான். "க்யா ரே, மதராஸி, தூங்குறியா?"

மூன்று வருஷத்துக்கு முந்திய அந்த ஜோடி ஞாபகம். கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து, இரண்டு பேரும் கமுகுக் கொத்து என்று ஊரிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டார். ஊர்ச் சங்கத்தில் கூட்டம். அந்தப் பெண் தானே தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். மறுநாள் மெட்ராஸ் ரயிலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். பையன் எங்கே போனான் என்று இன்றுவரை தெரியாது. அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த வீட்டையும் ஆறு மாசம் தள்ளி வைத்தார்கள். சங்கத்தின் தீர்மானத்தை எழுதியவன் நான்தான். கையெழுத்து நல்லா இருக்கு என்று தலைவர் முதுகில் தட்டினார். எனக்கு அன்று வெட்கமே இல்லை.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று.

21-6, ஞாயிறு

தாராவிக்கு வெளியே இருக்கிற எங்கள் ஆட்களையும் பார்க்க வேண்டும் என்று மா. சொன்னதால் செம்பூர் போனோம். சயானில் பஸ், ஒரே நெரிசல், என் செருப்பு வார் அறுந்தது.

பூரணத்தம்மாள். ஐம்பது வயது இருக்கும். வீட்டு வாசலில் பணியாரம் சுட்டு விற்கிறவர். மா.-வுக்கு நாலு பணியாரம் கொடுத்தார். மா. எல்லாவற்றையும் தின்றுவிட்டு விரலைச் சூப்பியது பூரணத்தம்மாளுக்குப் பரம சந்தோஷம். ஊர், பிள்ளைகள், டிரான்சிஸ்டர், எல்லாக் கேள்வியும் ஆயிற்று. பிறகு அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ யாரு மவன்டே? இந்த மூக்கை எங்கயோ பார்த்திருக்கேன்."

அப்பா பேரைச் சொன்னேன். அம்மா பேச்சி என்றேன்.

கரண்டியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்து என் தாடையைப் பிடித்துக்கொண்டார். "எம்மா! பேச்சி மவனா! உங்க அம்மையும் நானும் ஒரே ஊரு, ஒரே தெரு, ஒரே கொத்து. சீரகம்லா நாங்க. என்னைய நீ பெரியம்மான்னு கூப்பிடணும்டே!"

காதுக்குள் இரைச்சல். பஸ் சத்தமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"கல்யாணம் ஆச்சா? எந்தக் கொத்துல எடுத்திருக்க?"

"பஸ் வந்துட்டு பெரியம்மா" என்றேன். பஸ் வரவில்லை. மா.-வைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு நடந்தேன், அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி.

மா. கேட்டார்: "உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார்?"

"என் அம்மாவைத் தெரியுமாம்." இது பொய் இல்லை.

"அடடா! அம்மாவின் கொத்தைக் கேட்டாயா?"

"கேட்டேன், தெரியாதாம்." இது பொய்.

22-6, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

செல்லத்தாய் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "சுடவே இல்லையே. என்ன அத்தான், யாரும் ஏசுனாவளா?"

அத்தான் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள். இன்று அந்தச் சொல் வந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நியாயப்படி அவள் என்னை அண்ணே என்று கூப்பிட வேண்டியவள். எழுதவே கை கூசுகிறது.

அவள் என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். பிள்ளை உதைத்தது. பயமாக இருந்தது. ஒரே கொத்தில் பிறக்கும் பிள்ளைக்குக் கை கால் விளங்காது என்று சின்ன வயதில் கேட்டது. மூடப் பேச்சு என்று தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம்?

அவளுக்குச் சொல்லலாமா? சொன்னால் அவளும் என்னோடு சேர்ந்து பயப்படுவாள், அவ்வளவுதான் லாபம். சொல்லவில்லை.

24-6, புதன்

மா.-விடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். ஒரே கொத்தில் தெரியாமல் கல்யாணம் செய்த ஜோடி ஒன்று இருந்தால் எழுதுவீர்களா?

"நிச்சயமாக. இந்த ஆராய்ச்சியிலேயே அதுதான் முக்கியம்." கண்கள் பளபளவென்று ஆகிவிட்டன. "அப்படி யாரையாவது தெரியுமா?"

"தெரியாது. சும்மாதான் கேட்டேன்."

"பயப்படாதே. பெயரை மாற்றித்தான் எழுதுவேன்."

பெயரை மாற்றுவாராம். தோல் மண்டியில் முகவரி எழுதும் குமாஸ்தா, ஏழு வயதில் தாயை இழந்தவன், ஒரு தங்கை, இத்தனையையும் மாற்றுவாரா? நான் எழுதி அனுப்பும் தோல் கட்டு கப்பல் ஏறிப் போய் பூட்ஸாகித் திரும்பி வந்து ஃபோர்ட் பகுதிக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இவர் எழுதியது மட்டும் அங்கேயே இருந்துவிடுமா? எவனாவது படித்தவன் ஒருத்தன் மாட்டுங்காவில் வாசித்துவிட்டு இங்கே வந்து சொல்வான்.

நல்ல மனுஷி. கெடுதல் நினைக்கத் தெரியாது. அதுதான் எனக்குப் பயம்.

25-6, வியாழன்

வந்தது வினை.

ஊருக்குத் திரும்புமுன் சந்துக்கு நன்றி சொல்ல மா.-வுக்கு ஒரு யோசனை. எல்லா வீட்டு உறவையும் ஒரே படமாகப் போட்டு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் விரித்துக் காட்டப் போகிறார். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கொத்துக்கு ஒரு நிறம். எங்கள் சங்கத் தலைவர் சுடலைமுத்து அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. "சந்து மொத்தமும் ஒரே தாள்லயா! எல்லாரும் குளிச்சி முழுவி வாங்க" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டார்.

மா. என்னிடம்: "உன் அம்மாவின் கொத்து ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமைக்குள் கண்டுபிடித்துவிடு. மொழிபெயர்ப்பாளர் வீடே காலியாக இருந்தால் சிரிப்பார்கள்."

சிரித்தேன். சிரிக்கிற மாதிரி வாயைத் திறந்தேன் என்று சொல்ல வேண்டும்.

27-6, சனி

மாட்டுங்கா. பூக்கடைப் பக்கம் ஒரே சேறு. மாமி கீழே காப்பி கொடுத்தார். எனக்கு எப்போதும்போல் தனி டம்ளர். அதைப் பற்றி வருத்தப்பட இன்று மனசில் இடமில்லை.

மாடியில் படம் தரை முழுக்க. ஏழெட்டுத் தாள்களை ஒட்டியிருக்கிறார். சீரகத்துக்குப் பழுப்பு, மிளகுக்குப் பச்சை, வெற்றிலைக்குச் சிவப்பு. 41-ஆம் வீட்டில் நான் ஒரு முக்கோணம், நிறமில்லை. பக்கத்தில் செல்லத்தாய் வட்டம், பழுப்பு. நடுவில் கல்யாணக் கோடு. எனக்கு மறுபக்கம் இசக்கி வட்டம், அதற்கும் நிறமில்லை. மேலே அம்மா. அவள் செத்துப்போனவள் என்பதால் வட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு.

மா. குளிக்கப் போனார். அட்டைகள் பிஸ்கட் டப்பாவில், பேனா மேஜையில்.

காலியாக விட்டால் நாளை எல்லார் முன்னாலும் கேள்வி வரும், யாராவது செம்பூருக்கு ஆள் அனுப்புவார்கள். அட்டையைக் கிழித்தால் மா.-விடம் நகல் இருக்கிறது. உண்மையை எழுதினால் தட்டு, தாலி, மெட்ராஸ் ரயில்.

அப்பாவே சொன்னாரே, மிளகோ சீரகமோ என்று. அட்டையில் மிளகு என்று எழுதினேன். என் கையெழுத்து எனக்கே அழகாக இருந்தது.

மா. தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். "அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது" என்றேன். "அருமை!" என்றார். குனிந்து உட்கார்ந்து பச்சைப் பென்சிலால் அம்மாவுக்குத் தீட்டினார், எனக்கு, பிறகு இசக்கிக்கு. கோட்டுக்கு வெளியே போகாமல், பொறுமையாக.

28-6, ஞாயிறு

நல்ல வெயில். சங்கக் கட்டடத்தில் நிற்க இடமில்லை. பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் பெட்டியில் பூட்டி வைத்த நல்ல சேலையில். படத்தைச் சுவரில் அடித்திருந்தார்கள்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு வீடாக நான் விரலை வைத்துச் சொல்லச் சொல்ல, ஒரே கூச்சல். "ஏட்டி, அந்தா பாரு நம்ம மாமா!" "எனக்கு ஏன் முக்கோணம் இம்புட்டுச் சின்னதா இருக்கு?" மா. முன்பே விசாரித்துத் திருத்தியதுபோக, நாலைந்து வீட்டில் அப்பா கொத்து அம்மா கொத்து குழப்பம் வந்தது. அங்கேயே கேட்டுத் திருத்தினார்கள். கல்யாணம் ஆனவர்களில் யாருக்கும் முட்டவில்லை. எங்களுக்கு மட்டும்தான்.

41. விரலை வைத்து, மிளகு என்று வாசித்தேன்.

தலைவர்: "மிளகா? கல்யாணத்துல வெத்திலைன்னுல்லா சொன்னிய?"

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா எழுந்து துண்டை உதறினார். "என் கொத்தைச் சொல்லிட்டேன்யா. ரேஷன்காரன் அப்பன் பேரையே கேட்டுக் கேட்டு மூளை மழுங்கிப் போச்சி. மவன் இப்பக் கண்டுபிடிச்சிருக்கான். அவ மிளகுதான். எனக்கும் இப்பதான் நெனப்பு வருது."

நினைப்பு வருகிறதாம்! நான் சொன்னபிறகு அவருக்கு நினைப்பும் வந்துவிட்டது.

"மிளகும் சீரகமும் ரசத்துக்கே பொருத்தம்லா!" என்று ஒரு கிழவர் சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரிப்பு. செல்லத்தாயும் சிரித்தாள். மூச்சு வந்தது.

கடைசியில் மா. பேசினார். இது ஒரு வெளியாள் போட்ட படம், தப்பு இருக்கலாம், தெரிந்தவர்கள் தயவுசெய்து திருத்துங்கள் என்றார். என்னைப் பார்த்தார், மொழிபெயர்க்கச் சொல்லி.

"உங்க எல்லாருக்கும் ரொம்ப நன்றின்னு சொல்லுதாவ" என்றேன்.

கைதட்டினார்கள். தலைவர் எழுந்து, இந்தப் படம் இங்கேயே இருக்கட்டும், இனிமேல் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இதைப் பார்த்துத்தான் என்றார். "ஆளாளுக்கு வாயில வந்ததைச் சொல்லுத வேலை இனி ஆவாது. படிச்ச அம்மா, வீடு வீடா ஏறி இறங்கி எழுதினது. இதுல தப்பு வராது."

மா. அது என்னவென்று கேட்டார். படத்தைக் கேட்கிறார்கள் என்றேன். மகிழ்ந்துபோய் இன்னொன்று தான் வரைந்துகொள்வதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

29-6, திங்கள்

இரண்டு வாரத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். செல்லத்தாய் இன்னொரு அகப்பை போட்டாள். தார் வாங்கிக் கூரை அடைத்தாயிற்று. அப்பாவுக்குச் சுருட்டு, இசக்கிக்கு நைலான் ரிப்பன், இரண்டு முழம்.

யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஒரு சொல்தானே.

2-7, வியாழன்

தலைவர் வீட்டுக்கு வந்தார், தங்கையோடு. வெற்றிலை பாக்குத் தட்டோடு. தட்டைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை, உட்காருங்கள் என்றேன், மடையன்.

தங்கை மகன் ஆறுமுகத்துக்கு இசக்கியைக் கேட்கிறார்கள். செம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். குடி இல்லை, சீட்டு இல்லை.

தலைவர்: "ஒரு வருசமாவே எங்களுக்கு நெனப்புத்தான். வெத்திலைன்னது தாய் கொத்துதானான்னு ஒரு சந்தேகம், எப்படிக் கேக்கன்னு இருந்தோம். இப்பதான் படத்துலயே இருக்கே. பொண்ணு மிளகு. நாங்க சீரகம், பையனும் சீரகம். ஒரு வில்லங்கமும் இல்ல."

அப்பா என் தோளைத் தட்டினார். செல்லத்தாய் உள்ளேயிருந்து அதற்குள் காப்பி போட ஆரம்பித்துவிட்டாள். இசக்கி கதவுக்குப் பின்னால். அவள் பாவாடை ஓரம் தெரிந்தது, அசையாமல்.

நான் சொன்னது: "இன்னும் ஒரு வருசம் போவட்டுமே."

அப்பா: "ஏம்ல? உனக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?"

தலைவர் முகம் சுருங்கியது. "பையன் மேல ஏதும் கேள்விப்பட்டியா? சொல்லு தம்பி, தப்பில்ல."

ஒன்றும் இல்லை அண்ணாச்சி என்றேன். ஆடி பிறப்பதற்குள் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனபின் இசக்கி அடுப்படியில். "ஏன் அண்ணே தள்ளிப் போடச் சொன்ன? எனக்கு அவுகளப் பிடிச்சிருக்கு" என்றாள். என்னிடம் இவ்வளவு வெளிப்படையாக ஒன்றும் அவள் பேசியதில்லை.

இசக்கிக்கும் அம்மா கொத்துதான், சீரகம். சொன்னால் இசக்கி தப்பிப்பாள். செல்லத்தாயும் பிள்ளையும் போவார்கள். சொல்லாவிட்டால் இசக்கி என்றைக்கோ ஒருநாள் சங்கத்தில் தட்டுக்கு முன்னால் நிற்பாள். நின்றாலும் நிற்பாள், நிற்காமலும் போகலாம். செம்பூரில் பணியாரக்காரி இருக்கிறாள், ஆறுமுகமும் அங்கேதான் வேலை பார்க்கிறான். இப்படியே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

3-7, வெள்ளி

மா.-விடம் சொல்லிவிடுவது என்று மாட்டுங்கா போனேன். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அட்டை டப்பாவைக் கயிறு போட்டுக் கட்டியாயிற்று.

படத்தைப் பார்த்துக் கல்யாணம் பேசுகிறார்கள் என்றேன். மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"என் படத்தைப் பார்த்தா? அது அதற்காக வரைந்தது இல்லையே! தப்பு இருக்கலாம் என்று அன்றைக்கே சொன்னேனே, நீதானே மொழிபெயர்த்தாய்?"

தலையாட்டினேன்.

"யாருக்குக் கல்யாணம்?"

"என் தங்கைக்கு."

கயிறு போட்ட அட்டை டப்பாவைத் திரும்பிப் பார்த்தார். கீழே மாமி யாரையோ வைதுகொண்டிருந்தார். "41-ஆம் அட்டை. அது சரிதானே?" என்று கேட்டார், மெதுவாக.

இப்போது சொல், இப்போது சொல் என்று நெஞ்சு அடித்தது. செல்லத்தாய் தாலியைக் கழற்றித் தட்டில் வைப்பது கண்ணில் தெரிந்தது.

"சரிதான்" என்றேன்.

அவர் நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். நீளமாக எழுதினார். என்ன என்று எனக்குத் தெரியவில்லை. வரும்போது கை கொடுத்தார்.

5-7, ஞாயிறு

நல்ல நாள், நல்ல மழை.

நிச்சயத் தாம்பூலத்துக்குக் காகிதம் எழுத வேண்டும். இரண்டு வீட்டுப் பெயர், பெற்றோர் பெயர், கொத்து. எங்கள் ஆட்கள் வழக்கம், மஞ்சள் தடவிய தாளில். சந்தில் எல்லார் வீட்டுக்கும் நான்தான் எழுதுகிறேன், எனக்கு மட்டும் வேறு ஆள் எங்கே போக? அப்பா மஞ்சள் குழைத்துக் கொடுத்தார். யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சி ஊர்க்காரி ஒருத்தி செம்பூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டேனே, தாய் வழிக்கு ஒரு பொம்பளை தட்டு எடுக்க வேண்டாமா என்றார். அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்றேன். ஒவ்வொரு பொய்க்கும் இன்னொரு பொய் வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் யோசிக்கக்கூட வேண்டாம், தானாக வருகிறது.

மாப்பிள்ளை பக்கம் எழுதினேன். சீரகக் கொத்து. பெண் பக்கம். பெண்ணின் தகப்பனார், வெற்றிலைக் கொத்து. பெண்ணின் தாயார் காலஞ்சென்ற பேச்சியம்மாள்.

பேனா நின்றது.

இசக்கி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். தலையில் அந்த நைலான் ரிப்பன். அவளுக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டம், இந்திப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். பே-ச்-சி. அங்கே நிறுத்தி அந்தப் பேரின் மேல் விரலை வைத்தாள். மஞ்சள் ஒட்டிக்கொண்டது.

"அம்மை எப்படி இருப்பான்னு கேட்டா அப்பாவுக்குச் சொல்லத் தெரியல. ஒரு போட்டோ கிடையாது. இம்புட்டு வருசத்துல அம்மையப் பத்தி எனக்குன்னு தெரிஞ்சது இந்த ஒண்ணுதான் அண்ணே. நீ கண்டுபிடிச்சிக் கொடுத்தது." பிறகு கேட்டாள்: "மிளகுதான அண்ணே?"

ஆமாம் என்றேன். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, எழுதினேன்.